கூட்டு நிரல் களஞ்சியங்களின் காப்புப்பிரதி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்துப் பேரின் கணினிகளில் நிரலின் முழு வரலாறும் இருக்கும்போது தனியாகக் காப்புப்பிரதி எதற்கு என்ற கேள்வி, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் (Git) மென்பொருளைப் பயன்படுத்தும் குழுக்களில் அடிக்கடி எழுகிறது. முதல் தவறு இந்த நம்பிக்கையில்தான் தொடங்குகிறது. களஞ்சியத்தை நகலெடுக்கும் ‘கிட் குளோன்’ கட்டளை கிளைகளையும் (இணையாக வளரும் நிரல் வடிவங்கள்) குறிச்சொற்களையும் அவற்றின் வரலாற்றையும் கொண்டுவருமே தவிர, சேவையகத்தில் உள்ள ஹூக்குகளையும் (குறித்த நிகழ்வுகளின்போது தானாக ஓடும் சிறு நிரல்கள்) அணுகல் உரிமைகளையும் கொண்டுவராது. மேலும், ஒவ்வொருவரின் பிரதியும் அவர் கடைசியாக ஃபெட்ச் செய்த (சேவையகத்திலிருந்து புதிய மாற்றங்களைப் பெற்ற) நாளோடு நின்றுவிடுவதால், சேவையகம் பழுதான பிறகு எந்தக் கிளை யாரிடம் புதியதாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் தேட வேண்டியிருக்கும்.

இதைவிட ஆபத்தானது, மிரர் நகலையே, அதாவது மூலக் களஞ்சியத்துடன் தானாக ஒத்திசையும் நகலையே, காப்புப்பிரதியாகக் கருதுவது. மூலத்தில் நேரும் மாற்றத்தை அப்படியே பின்பற்றுவதுதான் மிரரின் வேலை. ஆகவே மூலத்தில் நேரும் சேதத்தையும் அது பின்பற்றும். 2013 மார்ச்சில் கேடிஇ (KDE) என்ற திறந்த மூல மென்பொருள் திட்டத்தின் கிட் சேவையகத்தில் கோப்பு முறைமை சிதைந்தபோது, அதனுடன் ஒத்திசைந்துகொண்டிருந்த மிரர்களுக்கும் அந்தச் சேதம் பரவி, சுமார் 1500 களஞ்சியங்கள் அழியும் விளிம்புக்குச் சென்றன. பாதிப்பிலிருந்து தப்பிய ஒரு சேவையகத்தில் நல்ல நகல் இருந்ததால்தான் அவற்றை மீட்க முடிந்தது.

இதற்கு வன்பொருள் பழுதாக வேண்டும் என்பதுகூட இல்லை. ஒருவர் தவறான கிளையில் ஃபோர்ஸ் புஷ் செய்துவிட்டால் (சேவையகத்தில் உள்ள வரலாற்றைக் கட்டாயமாக மாற்றி எழுதிவிட்டால்), மணிக்கொருமுறை ஓடும் மிரர் பழைய கிளைமுனையின் மேல் புதியதை எழுதிவிடும். பழைய கமிட்டுகள் (பதிவுசெய்த மாற்றங்கள்) உடனே அழியாவிட்டாலும், சேவையகங்களில் வைக்கப்படும், வேலைக் கோப்புகள் இல்லாத ‘பேர்’ (bare) களஞ்சியங்களில் ரெஃப்லாக் என்ற கிளைமுனை நகர்வுப் பதிவேடு இயல்பாகவே அணைக்கப்பட்டிருப்பதால் அவற்றைத் தேடிப் பிடிப்பது கடினம். எதனாலும் சுட்டப்படாமல் 2 வாரங்களைக் கடந்த பொருள்களைக் கிட்டின் துப்புரவுப் பணி இயல்பாகவே நீக்கிவிடும். எனவே மிரருடன் சேர்த்து, களஞ்சியத்தை ஒரே கோப்பாகக் கட்டும் ‘கிட் பண்டில்’ கொண்டு தேதியிட்ட கோப்புகளை உருவாக்கி, ஒன்றின் மேல் ஒன்றை எழுதாமல் சில மாதங்களுக்காவது வைத்திருக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அவை இருக்கும் கணக்கும் வேறாக இருக்க வேண்டும். 2014 ஜூனில் நிரல் களஞ்சியங்களைப் பராமரித்துவந்த கோட் ஸ்பேசஸ் நிறுவனத்தின் மேகக் கணக்கினுள் புகுந்தவர் தரவோடு சேர்த்துக் காப்புப்பிரதிகளில் பெரும்பகுதியையும் அழித்ததால், அந்த நிறுவனம் தொடர்ந்து இயங்க முடியாமல் போனது.

பெரிய கோப்புகளுக்கு, அவற்றைக் களஞ்சியத்துக்கு வெளியே சேமிக்கும் எல்எஃப்எஸ் (LFS) என்ற கிட் நீட்சியைப் பயன்படுத்துவோர் தவறவிடும் இடம் ஒன்றுண்டு. மிரர் நகலில் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் பதிப்பு, ஹாஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளக் குறி), அளவு என்று மூன்று வரிகள் மட்டுமே இருக்கும். படமோ தரவோ இருக்காது. ‘கிட் எல்எஃப்எஸ் ஃபெட்ச்’ கட்டளையை ‘ஆல்’ விருப்பத்துடன் தனியாக இயக்கினால்தான் உண்மையான உள்ளடக்கம் வந்துசேரும். சப்மாட்யூல்களையும் (ஒரு களஞ்சியத்துக்குள் இணைக்கப்பட்ட வேறு களஞ்சியங்கள்) தனித்தனியாகவே நகலெடுக்க வேண்டும். இஷ்யூக்களும் (பிழைகளையும் கோரிக்கைகளையும் பற்றிய பதிவுகள்) மறுஆய்வு உரையாடல்களும் கிட் வரலாற்றுக்குள் இல்லை என்பதால், ஒரு வரி ஏன் அப்படி எழுதப்பட்டது என்பதற்கான விளக்கம் பெரும்பாலும் அவற்றில் மட்டுமே இருக்கும் நிலையில், களஞ்சியம் இருக்கும் இணையதளத்தின் ஏபிஐ (நிரல்கள் தரவைப் பெறும் இடைமுகம்) வழியாக அவற்றையும் எடுத்து வைப்பது அவசியம்.

காப்புப்பணி ஓடுகிறது என்று நம்பிச் சரிபார்க்காமல் விடுவதும் பெரும் இழப்பில் முடியும். 2017 ஜனவரி 31 அன்று நிரல் களஞ்சியத் தளமான கிட்லேபில் (GitLab) தரவுத்தளம் தவறுதலாக அழிக்கப்பட்டபோது, அன்றாடக் காப்புப்பணி தரவுத்தள மென்பொருளின் பதிப்பு முரண்பாட்டால் தோற்றுக்கொண்டிருந்ததும், அந்தத் தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களே நிராகரிக்கப்பட்டுவந்ததும் தெரியவந்தன. களஞ்சியங்கள் தப்பினாலும், சுமார் 6 மணி நேரத்தில் பதிவான இஷ்யூக்களும் கருத்துகளும் மீளவில்லை.

ஆகவே, சில மாதங்களுக்கு ஒருமுறை வெற்றுக் கணினி ஒன்றில் பண்டிலிலிருந்து குளோன் செய்து, ‘கிட் எஃப்எஸ்சிகே’ (git fsck) கட்டளை கொண்டு பொருள்களைச் சரிபார்த்து, நிரலை பில்ட் செய்து (இயங்கும் வடிவமாக உருவாக்கி) பார்க்க வேண்டும். அதைக் காப்பு முறையை அமைத்தவர் அல்லாத வேறொருவர் செய்வது நல்லது. காப்புப்பிரதியைத் திறக்கும் மறையாக்கச் சாவி, அழிந்துபோகக்கூடிய அதே சேவையகத்தில்தான் இருக்கிறது என்பது போன்ற குறைகள் அப்போதுதான் வெளிப்படும்.