முதல் களப்பணி: சட்டம் வைப்பதிலிருந்து ஷானன் குறியீடு வரை

சுற்றுச்சூழல் உயிரியலை இளநிலையில் எடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் கிடைக்கும் களப்பணி தாவரங்களை எண்ணுவதுதான். தரையில் சதுரமான குவாட்ரட் சட்டத்தை வைத்து, உள்ளே இருப்பதை எண்ணிப் பல்வகைமையைக் கணக்கிட வேண்டும். பாடநூலில் இது அரைப் பக்கம். களத்தில் குனிந்து உட்கார்ந்ததும் அந்த அரைப் பக்கம் தொடாத கேள்விகள் வரிசையாக வரும். அவற்றுக்காகவே இந்தப் பதிவு. சிற்றினம் என்றால் என்ன, சராசரி காண்பது எப்படி என்பவை தெரிந்தவை என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: கேள்வியை எழுதுங்கள்

‘இங்கே என்ன இருக்கிறது?’ என்பது போதாது. ‘மர நிழலிலும் திறந்த வெளியிலும் பல்வகைமை வேறுபடுகிறதா?’ என்பது ஒப்பிடக்கூடிய கேள்வி. ஒரே மரத்தடியில் பத்துச் சட்டங்களை வைத்துவிட்டு, நிழலைப் பற்றிப் பத்துத் தரவுகள் கிடைத்ததாக எழுதாதீர்கள். அவை பத்தும் அந்த ஒரு மரத்தைப் பற்றியவை. சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984-இல் இதைப் ‘போலி மறுபதிவு’ என்ற பொருளில் பெயரிட்டு எச்சரித்தார். பல மரங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று சட்டங்கள் வைப்பதே சரி.

படி 2: கருவிகள்

புல், சிறுசெடிகளுக்கு 50 செ.மீ. பக்கமுள்ள சட்டம் வசதியானது. நான்கு சட்டங்கள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். குறிப்பெடுக்கப் பென்சிலும் கெட்டி அட்டை நோட்டும்தான் என் தேர்வு. ஈரம் பட்டாலும் பென்சில் எழுத்து கரையாது. கைபேசியைப் படமெடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சட்டத்தையும் நேர் மேலிருந்து, எண் எழுதிய சீட்டோடு படமெடுங்கள். பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் சொல்லும் பெயரைத் தொடக்கக் குறிப்பாக மட்டும் கொள்ளுங்கள். பூவும் இலையடுக்கும் பார்த்து உறுதி செய்வது உங்கள் வேலை. பெயர் தெரியாத செடிக்கு ‘அறியாதது 3’ என்று எண் கொடுத்து, எல்லாச் சட்டங்களிலும் அதே எண்ணைப் பயன்படுத்தினால் கணக்குக் கெடாது.

படி 3: இடத்தைத் தேர்தல்

சட்டத்தை வீசி எறிவது சமவாய்ப்பு ஆகாது. கை தன்னையறியாமல் முள்ளையும் சேற்றையும் தவிர்த்துவிடும். இரண்டு அளவு நாடாக்களைச் செங்கோணத்தில் விரித்து, சமவாய்ப்பு எண்களை ஆயத்தொலைவுகளாகக் கொண்டு வையுங்கள். எண்களை எக்செலில் உருவாக்கினால், உடனே அவற்றை வெறும் மதிப்புகளாக ஒட்டிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் தாள் மறுகணக்கீடு செய்யும்போதெல்லாம் எண்கள் மாறிவிடும். எந்த இடத்தில் சட்டம் வைத்தீர்கள் என்பதற்குச் சான்றே இருக்காது.

படி 4: எண்ணுதல்

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தது இந்தப் படி. எண்ணத் தொடங்கும் முன்பே மூன்று விதிகளை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும்.

முதலாவது, எது உள்ளே? வெளியே வேரூன்றிய செடி உள்ளே சாய்ந்திருக்கும். எண்ணிக்கை எடுக்கும்போது வேர் உள்ளே இருந்தால் மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். வேர் சரியாக விளிம்பிலேயே இருந்தால், மேல் பக்கத்திலும் இடப் பக்கத்திலும் உள்ளவற்றைச் சேர்த்து மற்ற இரு பக்கங்களில் உள்ளவற்றை விட்டுவிடுங்கள். விளிம்பில் உள்ள எல்லாவற்றையும் சேர்த்தால் அடர்த்தி உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

இரண்டாவது, எது ஒரு செடி? ஓடுதண்டு விட்டுப் பரவும் புல்லில் ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அத்தகைய இடத்தில் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பரப்பு விழுக்காட்டுக்கு மாறுங்கள். சட்டத்தில் நூல் கட்டி நூறு கட்டங்களாகப் பிரித்தால் ஒரு கட்டம் ஒரு விழுக்காடு. இங்கே வேரைப் பார்க்க வேண்டாம். சட்டத்துக்கு மேல் கவிந்திருக்கும் இலையும் சேரும். செடிகள் ஒன்றன்மேல் ஒன்று கவிவதால் கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டலாம்; அது பிழையல்ல. ஆனால் ஒரே ஆய்வில் சில சிற்றினங்களுக்கு எண்ணிக்கை, சிலவற்றுக்கு விழுக்காடு என்று கலந்து குறியீடு கணக்கிடக் கூடாது. அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

மூன்றாவது, நாற்றுகளையும் காய்ந்த செடிகளையும் சேர்ப்பதா? எப்படி முடிவு செய்தாலும் கடைசிச் சட்டம் வரை அதையே பின்பற்றுங்கள்.

படி 5: எப்போது நிறுத்துவது

சட்டங்களின் எண்ணிக்கைக்கு எதிராக, இதுவரை கண்ட மொத்தச் சிற்றினங்களை வரைபடமாக்குங்கள். கோடு ஏறிக்கொண்டே போனால் இன்னும் சட்டங்கள் வேண்டும். கிடையாகச் சாயத் தொடங்கினால் பெரும்பாலானவற்றைப் பார்த்துவிட்டீர்கள்.

படி 6: கணக்கு

பல்வகைமையை ஒரே எண்ணாகச் சொல்வது ஷானன் குறியீடு. அதில் ஒவ்வொரு சிற்றினத்தின் பங்கையும் அதன் மடக்கையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டிக் குறியை மாற்றுகிறோம். நான்கு சிற்றினங்கள் 20, 10, 6, 4 என்று இருந்தால் பங்குகள் 0.5, 0.25, 0.15, 0.1. இயல் மடக்கையில் விடை 1.21. அதே தரவுக்கு அடிமானம் 2 என்றால் 1.74, அடிமானம் 10 என்றால் 0.52. எக்செலில் ‘லாக்’ என்ற சார்பு, வேறு சொல்லாவிட்டால் அடிமானம் 10-ஐ எடுத்துக்கொள்ளும். புள்ளியியலுக்கான ‘ஆர்’ என்ற நிரல்மொழியில் அதே பெயருள்ள சார்பு இயல் மடக்கையைத் தரும். குழுவில் ஒருவர் இதிலும் மற்றவர் அதிலும் கணக்கிட்டால் நிழலும் வெயிலும் இரு உலகங்கள் போலத் தெரியும். அறிக்கையில் அடிமானத்தைக் கட்டாயம் எழுதுங்கள். நான் ‘ஆர்’ மொழியின் ‘வீகன்’ தொகுப்பையே பரிந்துரைப்பேன்; இலவசம், செய்த ஒவ்வொரு படியும் எழுத்தில் நிற்கும்.

1.21 என்ற எண்ணை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது. அதன் அடுக்கேற்ற மதிப்பை, அதாவது இயல் மடக்கையின் அடிமானமான e-ஐ 1.21 என்ற அடுக்குக்கு உயர்த்தி எடுத்தால், ஏறக்குறைய 3.3 வரும். சமமான பங்குள்ள 3.3 சிற்றினங்கள் இருந்தால் என்ன பல்வகைமையோ அதே அளவு என்று பொருள். இதையும் சேர்த்து எழுதுங்கள்.

பின்சேர்க்கை: கணக்குத் தாளில் பிழை காட்டுகிறது என்று வாசகர்கள் பலர் எழுதியிருந்தார்கள். காரணம் சுழியம். ஒரு சட்டத்தில் இல்லாத சிற்றினத்தின் பங்கு 0. சுழியத்துக்கு மடக்கை கிடையாது. அந்தச் சிற்றினத்தின் பங்களிப்பை 0 என்றே வைத்துக்கொள்ளும்படி நிபந்தனை கொடுங்கள். பிழையைத் தவிர்க்க எல்லா எண்ணிக்கையிலும் 1 கூட்டும் பழக்கம் வேண்டாம். இல்லாத செடி அந்தச் சட்டத்தில் முளைத்ததாக ஆகிவிடும்.