கோல்ஃப் சிமுலேட்டர்: முதலில் கூரை உயரத்தைப் பாருங்கள்

அறைக்குள் அடித்த பந்து மைதானத்தில் எங்கே போயிருக்கும் என்று திரையில் காட்டும் கோல்ஃப் சிமுலேட்டரை வீட்டில் வைக்க ஆசையா? விலை விசாரிக்கும் முன் டேப்பை எடுத்து அறையின் உயரத்தை அளந்துவிடுங்கள். 9 அடிக்குக் கீழே என்றால் டிரைவர் என்னும் மிக நீளமான மட்டையைத் தயங்காமல் வீசுவது கஷ்டம். 10 அடி இருந்தால் நிம்மதி. பந்து இல்லாமல் மெதுவாக ஒருமுறை வீசியும் பாருங்கள்.

செலவில் பெரும்பங்கு, பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் லாஞ்ச் மானிட்டருக்கே போகும். ரேடார் வகைக்குப் பொதுவாகப் பந்துக்குப் பின்னால் பல அடி இடம் வேண்டும். பந்துக்குப் பக்கத்தில் வைக்கும் கேமரா வகை சின்ன அறைக்குத் தோதானது. மென்பொருளுக்கு வருடச் சந்தா உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். புரொஜெக்டர், திரையெல்லாம் அப்புறம் வாங்கலாம். தொடக்கத்தில் அவற்றுக்குப் பதில் நல்ல வலையும் போனும் போதும். ஆனால் தரை விரிப்பில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மெல்லிய விரிப்பில் அடித்துக்கொண்டே இருந்தால் மணிக்கட்டும் முழங்கையும் வலி எடுத்துவிடும்.