எனக்குக் குளிர்கிறது: புது மொழியைச் செயலியில் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

புது நாட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே நம்மில் பலர் மொழி கற்றுத்தரும் செயலி ஒன்றை போனில் இறக்கிவிடுகிறோம். நல்ல காரியம்தான். வகுப்பில் இடம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம், கிடைத்தாலும் வேலை நேரத்தோடு ஒத்துவராமல் போகலாம். போன் எப்போதும் கையிலேயே இருக்கிறது. ஆனால் அந்தச் செயலியைச் செய்தவர்கள் ஒரு தமிழர் வந்து படிப்பார் என்று நினைத்துச் செய்யவில்லை. பெரும்பாலும் அது ஆங்கிலம் வழியாகவே சொல்லிக்கொடுக்கும். நமக்கும் ஆங்கிலம் ஓரளவு தெரியும் என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம். நான் ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே படித்தேன். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

நான் படித்தது ஜெர்மன். அதில் 'எனக்குக் குளிர்கிறது' என்பதற்கு 'மீர் இஸ்ட் கால்ட்' என்பார்கள். 'மீர்' என்றால் 'எனக்கு'. நானோ ஆங்கிலத்து 'ஐ ஆம் கோல்ட்'டை மனதில் வைத்துக்கொண்டு 'இஷ் பின் கால்ட்' என்று சொல்லிவந்தேன். அதைக் கேட்பவருக்கு 'நான் ஈரமில்லாத ஆள்' என்பது போல ஒலிக்கும். தமிழிலிருந்து நேராகப் போயிருந்தால் அந்தத் தப்பு வந்திருக்கவே வாய்ப்பில்லை. பள்ளியில் படித்த நான்காம் வேற்றுமைதான் அது. 'எனக்குப் பிடிக்கும்' என்பதும் அப்படித்தான்: ஸ்பானிஷில் 'மே குஸ்தா', இத்தாலியனில் 'மி பியாச்சே'. ஆங்கிலத்தில் அது 'நான் விரும்புகிறேன்' என்று மாறிவிடுவதால், செயலி அதை ஏதோ விதிவிலக்கு போல விளக்கும். நமக்கு அது அன்றாடப் பேச்சு.

இன்னொன்று. ஜெர்மனில் 'ஏனென்றால்' என்று தொடங்கினால் வினை கடைசிக்குப் போய்விடும். 'வைல் இஷ் மோர்கன் ஆர்பைட்டன் முஸ்' என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால்: ஏனென்றால் - நான் - நாளை - வேலைசெய்ய - வேண்டும். ஐந்து சொல்லும் நம் வரிசையிலேயே நிற்கின்றன. ஆங்கில வழியில் படிப்பவர்கள் இந்த இடத்தில் ரொம்பத் தடுமாறுவார்கள். ஜப்பானிய மொழியும் கொரிய மொழியும் படிக்கப் போகிறவர்களுக்கு இன்னும் வசதி. அங்கே வினை கடைசியில் வருவது மட்டுமல்ல, நம் வேற்றுமை உருபு போன்ற சின்னச் சின்னச் சொற்களும் பெயருக்குப் பின்னால்தான் வரும்.

சரி, இதை எப்படிப் பயன்படுத்துவது? தயாராக வரும் பாடச் செயலி ஒன்று இருக்கட்டும். அதோடு, முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையுமாக நீங்களே நிரப்பும் அட்டைச் செயலி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்திருப்பது ஆன்கி. 2006-இல் வந்தது. கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனில் மட்டும் பணம் கட்ட வேண்டும். படித்தது எந்த வேகத்தில் மறந்துபோகிறது என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து 1885-இல் எழுதினார். மறக்கப்போகும் நேரம் பார்த்து அட்டையைத் திரும்பக் காட்டுவதுதான் இந்த மாதிரிச் செயலிகளின் வேலை. சுலபமாக நினைவுக்கு வந்த அட்டை சில வாரம் கழித்து வரும், தடுமாறிய அட்டை நாளைக்கே வந்து நிற்கும்.

அட்டையின் முன்பக்கம் தமிழில் எழுதுங்கள். அதுவும் நீங்கள் வாயால் சொல்கிற தமிழில். 'நாளைக்கு லீவு வேணும்' என்றால் அப்படியே. பின்பக்கம் அந்த நாட்டு மொழி, முடிந்தால் ஒலியோடு. இதில் இன்னொரு லாபமும் உண்டு. ஜெர்மனில் 'டூ', 'ஸீ', பிரெஞ்சில் 'து', 'வூ' என்று நீயும் நீங்களும் தனித்தனி. ஆங்கிலத்தின் ஒற்றை 'யூ' வழியாகப் போனால் அந்த வித்தியாசம் தொலைந்துவிடும். அட்டையில் 'நீங்க' என்று எழுதியிருந்தால் தொலையாது.

தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 20 புதிய அட்டை என்று ஆன்கி வைத்திருக்கும். அதை 7 அல்லது 8 ஆகக் குறைத்துவிடுங்கள். இருபது இன்றைக்குச் சின்ன எண்தான். ஆனால் பழைய அட்டைகளெல்லாம் திரும்பிவரத் தொடங்கி, ஓரிரு மாதத்தில் நாளுக்கு நூறைத் தாண்டிவிடும். வேலை முடிந்து களைத்து வருகிறவரால் அதைத் தாங்க முடியாது. ஒரு நாள் விட்டுப்போனால் விட்டுப்போகட்டும்.

இப்போது முக்கியமான கேள்வி: என்ன வாக்கியங்களை எழுதுவது? உங்கள் நாளில் வந்தவற்றை.

ஒரு நாள் ஓர் அலுவலகத்துக்கு போன் செய்தேன். எதிர்முனையில் இருந்த அம்மா வேறொரு எண்ணைக் கூப்பிடச் சொல்லி, அதை இரண்டிரண்டு இலக்கமாகச் சொன்னார். 'ஃபியர்-உண்ட்-ஃப்யுன்ஃப்ஸிஷ்.' ஜெர்மனில் 54-ஐ 'நாலும் ஐம்பதும்' என்றுதான் சொல்வார்கள். 'ஃபியர்' காதில் விழுந்ததுமே என் பேனா 4 போட்டுவிட்டது, பின்னாலேயே 5. அடுத்த ஜோடியிலும் அதே கதை. போனை வைத்துவிட்டு அந்த எண்ணை அழுத்தினால் யாரோ சம்பந்தமில்லாதவர் எடுத்தார். செயலியில் எண்கள் பாடத்தை நான் எப்போதோ முடித்திருந்தேன், அதுவும் முழு மதிப்பெண்ணோடு. அங்கே எண்கள் எழுத்தில் வந்தன, நான்கு விடைகளில் ஒன்றைத் தொட்டால் போதும். போனில் அப்படி யாரும் காத்திருப்பதில்லை.

அன்று இரவு முப்பது எண்களைத் தட்டச்சு செய்து, போனிலேயே இருக்கும் வாசிக்கும் குரலில் ஓடவிட்டு, கேட்டுக் கேட்டு எழுதினேன். எண் முழுதாக முடியும்வரை பேனாவைத் தாளில் வைக்கக் கூடாது என்பதுதான் கற்றுக்கொண்ட பாடம். டச்சு, டேனிஷ் படிப்பவர்களுக்கும் இது பொருந்தும். பிரெஞ்சில் தலைவலி வேறு மாதிரி: 70 'அறுபது பத்து', 80 'நாலு இருபது', 99 'நாலு இருபது பத்து ஒன்பது'. அதே பிரெஞ்சைப் பேசும் பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70-க்கும் 90-க்கும் தனிச்சொல் உண்டு. செயலி பிரான்ஸ் வழக்கைச் சொல்லிக்கொடுத்திருக்கும், அதனால் நீங்கள் இப்போது இருக்கும் ஊரில் எப்படிச் சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். சுவிஸ் ஜெர்மன் பகுதிக்குப் போனவர்கள், படித்ததற்கும் தெருவில் கேட்பதற்கும் சம்பந்தமே இல்லையே என்று மனம் உடைந்துபோகிறார்கள். மேடையில் ஒரு தமிழ், வீட்டில் ஒரு தமிழ் என்று இரண்டையும் வைத்து வளர்ந்தவர்கள் நாம். அந்த ஊர்க்காரர்களும் எழுத ஒரு ஜெர்மன், பேச ஒரு ஜெர்மன் என்று வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வேண்டுகோள். அட்டையில் அந்நிய மொழிச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். இங்கே வாசிப்பதற்காக எழுதியிருக்கிறேன், படிப்பதற்கு அது உதவாது. ஜெர்மனில் அடுப்பில் சுடுவதற்கு ஒரு சொல், பெட்டி கட்டுவதற்கு இன்னொரு சொல். தமிழில் எழுதினால் இரண்டுமே 'பக்கன்'. முதல் எழுத்து ஒன்றில் அதிர்ந்து ஒலிக்கும், மற்றதில் அதிராது. நம் 'ப' அந்த இரண்டையும் காட்டாது. நமக்குக் கைகொடுப்பது குறில் நெடில்தான். ஃபின்னிஷ், ஜப்பானிய மொழி போன்றவற்றில் உயிர் நீண்டால் சொல்லே மாறிவிடும், அதைக் கேட்கும் காது நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. நார்வே, சுவீடன் பேச்சில் பரவலாக, ரகரத்தை அடுத்து வரும் ட, ண ஒலிகளுக்கு நாக்கு நம்மைப் போலவே மேலே மடியும். குழந்தைக்கு அங்கே ஏறக்குறைய 'பாண்' என்பார்கள், நம் மூன்றுசுழி ண-வேதான். மற்ற நாட்டவர் பாடுபட்டுப் பழகும் ஒலி அது.

செயலிக்குள் இருக்கும் மைக் பயிற்சி பல நேரம் தப்பாகச் சொன்னாலும் சரி என்று விட்டுவிடுகிறது. அதைவிட, விசைப்பலகையின் குரல் தட்டச்சை அந்த மொழிக்கு மாற்றி, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிப் பாருங்கள். முழு வாக்கியம் சொன்னால் முன்பின் பார்த்து ஊகித்துவிடும். தனிச்சொல் என்றால் நீங்கள் சொன்னதைத்தான் எழுதும்.

மொழிபெயர்ப்புச் செயலியில் தமிழைப் போடும்போது எழுவாயை விடாதீர்கள். 'வரச் சொன்னார்' என்று போட்டால் யார் சொன்னது, யாரை வரச் சொன்னது என்பதெல்லாம் அதன் ஊகம். 'அவர்' ஆணா பெண்ணா என்பதும் அதற்குத் தெரியாது. குட்டி வாக்கியமாக எழுதி, வந்த விடையை மறுபடி தமிழுக்கு மாற்றிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். கையெழுத்துப் போட வேண்டிய தாளுக்கு மட்டும் இதை நம்ப வேண்டாம், மொழி தெரிந்த ஒரு மனிதரிடம் காட்டுங்கள்.

ஐரோப்பாவில் இருப்பவர்கள், மொழித் திறனை அளக்கும் ஏ1 முதல் சி2 வரையான ஆறு படிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜெர்மன் குடியுரிமைக்குப் பொதுவாக பி1 கேட்பார்கள். செயலி 'பி1 முடித்துவிட்டீர்கள்' என்று சொல்வது சான்றிதழ் ஆகாது. தேர்வில் எதிரே ஆள் உட்கார்ந்து பேசச் சொல்வார், கடிதம் எழுதச் சொல்வார். ஜெர்மனுக்கு, அந்நாட்டு ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லேயின் 'நிகோஸ் வெக்' காணொளித் தொடர் ஏ1-லிருந்து பி1 வரை இலவசமாக இருக்கிறது. பிரெஞ்சுக்கு, பிரான்சின் ஆர்எஃப்ஐ வானொலி எளிய பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தியை எழுத்து வடிவத்தோடு தருகிறது.

இன்றிரவே தொடங்குவதானால் முதல் அட்டைகள் இவையாக இருக்கட்டும்: 'கொஞ்சம் மெதுவா சொல்றீங்களா?', 'இதை எழுதித் தர முடியுமா?', 'நான் சொன்னது சரியா?', 'நம்பரை ஒவ்வொண்ணா சொல்லுங்க.' கடைசி வாக்கியத்தை நான் அந்தத் தவறான எண்ணுக்கு அப்புறம் எழுதினேன். அடுத்த முறை போன் செய்தபோது அதைக் கேட்டேன். அந்த அம்மா கொஞ்சமும் அலுத்துக்கொள்ளாமல் 'ஃப்யுன்ஃப்... ஃபியர்...' என்று பிரித்துச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன்.