எரிபொருள் சிக்கனப் போட்டிக் கார்: நிதி திரட்டும்போது மாணவர் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டியைக் கட்டப் போகிறோம் என்று சொன்னால், எந்த நிறுவன மேலாளரும் ஐந்து நிமிடம் காது கொடுப்பார். அதற்குள் அவர் கேட்கப் போவது ஒன்றே ஒன்று: எவ்வளவு வேண்டும், எதற்கு? பல குழுக்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. வண்டியை வரைபவர்கள் ஒரு பக்கம், பணம் கேட்கப் போகிறவர்கள் இன்னொரு பக்கம் என்று பிரிந்து வேலை செய்வதால், கேட்கப் போகிறவர் கையில் ஒரு மொத்தத் தொகைதான் இருக்கிறது. அந்தத் தொகை எப்படி வந்தது என்பது அவருக்கே தெரியாது. கீழே சொல்லும் தவறுகளில் பாதி இந்தப் பிரிவினையில் பிறப்பவை.

தொகையை முடிவு செய்துவிட்டு வண்டியை வரைவது

பட்ஜெட் தொடங்க வேண்டிய இடம் வண்டியைப் பின்னிழுக்கும் விசைகள். கணக்கு சிறியதுதான். ஓட்டுநரோடு சேர்த்து 100 கிலோ எடையுள்ள புரோட்டோடைப் வண்டியை (மைலேஜுக்காகவே கட்டும் பிரிவு இது) எடுத்துக்கொள்ளுங்கள். டயரின் உருளல் தடைக் கெழு (எடையில் எத்தனை பங்கு தடையாகிறது என்ற எண்) 0.002 என்றால், சமதரையில் அதைப் பின்னிழுக்கும் விசை சுமார் 2 நியூட்டன். காற்றுத்தடைக் கெழுவை (வண்டியின் வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்ற எண்) முகப்புப் பரப்பால் பெருக்கினால் 0.04 சதுர மீட்டர் வருகிறது என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் காற்றின் தடை சுமார் 1.2 நியூட்டன். மொத்தம் 3.2. ஒவ்வொரு நியூட்டனுக்கும் கிலோமீட்டருக்கு ஒரு கிலோஜூல் செலவாகிறது.

இப்போது சுமாரான டயரைப் போட்டுக் கெழுவை 0.004 ஆக்குங்கள். மொத்தத் தடை 3.2-இலிருந்து 5.2-க்குத் தாவுகிறது. மாறாக, நல்ல டயரை வைத்துக்கொண்டு, உடற்கூட்டில் 10 கிலோ குறைப்பதற்காகக் கார்பன் ஃபைபர் வாங்கினால் மிச்சமாவது 0.2 நியூட்டன்தான். ஆனாலும் பெரும்பாலான குழுக்கள் முதல் பணத்தைக் கார்பன் ஃபைபரில்தான் போடுகின்றன, படத்தில் பார்க்க அது கம்பீரமாக இருப்பதால். நகரக் காரைப் போல அடிக்கடி நின்று கிளம்ப வேண்டிய அர்பன் கான்செப்ட் என்ற பிரிவில் எடைக்கு மதிப்பு கூடும் என்பது உண்மை. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அந்த எடையை மறுபடி வேகப்படுத்த வேண்டும். இடைநிறுத்தம் இல்லாமல் ஓடும் புரோட்டோடைப்பில் டயர், பேரிங், சக்கரங்களின் நேர்கோடு இந்த மூன்றும்தான் முதல் வரிசை. முன்சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால், விலை உயர்ந்த டயர் தந்த லாபம் முழுவதும் அங்கேயே கரைந்துபோகும். அதைச் சரிபார்க்கும் அளவுச் சட்டத்தைப் பட்டறையிலேயே சதுரக் குழாயில் செய்துகொள்ளலாம். பெரிய செலவே கிடையாது.

இந்தக் கணக்கு கையில் இருந்தால் கேட்கும் விதமே மாறிவிடும். “எங்கள் திட்டத்துக்கு ஆதரவு தாருங்கள்” என்ற வேண்டுகோள், “இரண்டு செட் குறைதடை டயருக்கு உதவுங்கள், மொத்தத் தடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும்” என்று ஆகிவிடும். இரண்டாவதை ஒரு பொறியாளர் தன் மேலதிகாரியிடம் எடுத்துச் சொல்ல முடியும். முதலாவதை முடியாது.

பட்டியலில் விடுபட்டுப்போவது

உடற்கூட்டுக்குச் செலவு என்றால் இழைத்துணியும் அதை இறுக வைக்கும் ரெசின் என்ற பிசினும் மட்டும்தான் என்று நினைப்பது வழக்கமான பிழை. வண்டி ஒன்றே ஒன்று. ஆனால் அதற்கு முன் நுரைக்கட்டையில் மாதிரியைச் செதுக்கி, மெழுகு பூசி, அதன் மேல் கண்ணாடி இழையில் அச்சு எடுக்க வேண்டும். உடற்கூட்டுக்கு ஆகும் செலவை அச்சின் செலவு தாண்டிவிடுவது உண்டு. காற்றை உறிஞ்சி அழுத்தும் வெற்றிடப் பை, இறுகியபின் உரித்தெடுக்கும் உரிதுணி, ஒட்டு நாடா, அசிட்டோன், உப்புத்தாள், கையுறை, முகமூடி வடிகட்டி எல்லாம் சில்லறைச் சாமான்கள்தான். ஆனால் ஒவ்வொரு முறை ரெசின் பூசும்போதும் அவை தீர்ந்துபோகும். வளைவுகள் நிறைந்த உடலுக்குத் துணியை வெட்டும்போது வீணாவதற்கு 100-க்கு 20 முதல் 30 வரை சேர்த்து வாங்குங்கள். ஒரு தரமாவது ரெசின் முன்கூட்டியே இறுகி ஒரு பாகம் கெட்டுப்போகும் என்று எண்ணியே திட்டமிடுங்கள்.

இன்ஜினும் அப்படியே. புல்வெட்டும் கருவியில் இருப்பதைப் போன்ற 35 சி.சி. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினை எடுத்து, கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, எரிபொருளை அளந்து தெளிக்கும் இன்ஜெக்டர் பொருத்துவது பரவலான வழி. அந்த வேலைக்கு இரண்டு இன்ஜின் வேண்டும். ஒன்றைச் சோதனை மேடையில் வைத்து ட்யூன் செய்துகொண்டே இருக்க வேண்டும், மற்றொன்று வண்டியில் ஓட வேண்டும். ஒன்றே ஒன்றை வாங்கிய குழுவுக்குப் பிஸ்டன் ஒருநாள் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொண்டால் அந்தப் பருவம் அங்கேயே முடிகிறது.

பாதுகாப்புச் சாமான்களைக் கடைசிக்குத் தள்ளுவதுதான் இவற்றில் மிக ஆபத்தானது. ஷெல் எகோ-மராத்தான் போன்ற போட்டியில் தொழில்நுட்பப் பரிசோதனையைத் தாண்டாத வண்டி தடத்தில் ஒரு மீட்டர்கூட ஓடாது. 20 சதவீதச் சரிவில் பிரேக் வண்டியை அசையாமல் பிடிக்க வேண்டும், வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் ரோல்பார் 700 நியூட்டன் சுமையைத் தாங்க வேண்டும், ஐந்து முனை இருக்கைப் பட்டை உறுதியாகப் பொருந்தியிருக்க வேண்டும். தீயணைப்பான், ஹார்ன், கண்ணாடிகள், வெளியிலிருந்தே இயக்கத்தை நிறுத்தும் அவசர சுவிட்ச் என்று பட்டியல் நீளும். அந்தந்த ஆண்டின் விதிநூலை வரிவரியாகப் படித்து, பணம் செலவாகும் ஒவ்வொரு விதிக்கும் எதிரே பட்ஜெட்டில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலை இது.

பயணம் வேறு இருக்கிறது. மரப்பெட்டி, காப்பீடு, தங்குமிடம் நினைவில் இருக்கும்; லித்தியம் பேட்டரி மறந்துபோகும். விமானச் சரக்கில் அது ஆபத்தான பொருள் வகை. தனியாக அனுப்பும் லித்தியம் அயான் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற முடியாது. சரக்கு விமானத்திலும் மின்னேற்றம் 30 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. குழு தானே கட்டிய பேட்டரிக்கு உரிய சோதனைச் சான்று இருக்காது என்பதால், அதை ஏற்க மறுக்கும் சரக்கு நிறுவனங்களே அதிகம். நாடு விட்டு நாடு போகும் வண்டிக்கு, தற்காலிகமாகக் கொண்டுபோய்த் திருப்பி எடுத்துவருவதற்கான ஏ.டி.ஏ. கார்னே என்ற சுங்க ஆவணம் பெரும்பாலும் தேவைப்படும். அதற்குப் பிணைத்தொகை கட்ட வேண்டும். அது திரும்பி வரும் பணம்தான். ஆனால் போட்டி முடியும்வரை உங்கள் கையில் இருக்காது.

எல்லாம் கூட்டிய பிறகு, மொத்தத்தில் 100-க்கு 15 பங்கு எதிர்பாராச் செலவுக்கென்று தனி வரியாக எழுதுங்கள். அதை வெளிப்படையாகக் காட்டுவதால் ஆதரவாளர் முகம் சுளிக்க மாட்டார். காட்டாத பட்ஜெட்தான் அனுபவமின்மையைக் காட்டிக்கொடுக்கும்.

பொருளாக வந்ததைப் பணமாக எண்ணுவது

சந்தை விலையில் பெரிய தொகைக்கு ஒருவர் துணி தருகிறார். குழு அதை அப்படியே வரவில் எழுதி, இலக்கில் பாதி எட்டிவிட்டதாக மகிழ்கிறது. வடிவமைப்பு கேட்பது சதுர மீட்டருக்கு 200 கிராம் துணி. வந்திருப்பது 600 கிராம். உடற்பரப்பு 6 சதுர மீட்டர், ரெசின் துணியின் எடைக்குச் சமம் என்றால், ஒரு அடுக்குக்கு 2.4 கிலோ வர வேண்டிய இடத்தில் 7.2 கிலோ வருகிறது. ரெசின் ஏற்றிய பிரிபிரெக் துணி என்றால் சிக்கல் இன்னும் கூடும். அதை மைனஸ் 18 டிகிரி உறைகலனில் வைக்க வேண்டும், இறுக வைக்க அடுப்பு வேண்டும், காலாவதித் தேதியும் உண்டு. உறைகலனும் அடுப்பும் இல்லாத குழுவுக்கு அந்த நன்கொடையே ஒரு செலவு.

வரவை மூன்று நெடுவரிசையாகப் பிரித்து எழுதுங்கள். கையில் வந்த பணம் ஒன்று. பட்ஜெட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒரு வரியை அடித்துவிட உதவும் பொருள் இன்னொன்று. அதற்கு அந்த வரியின் மதிப்பை மட்டும் போடுங்கள். மற்றவை மூன்றாவது நெடுவரிசையில், பூஜ்ய மதிப்பில். இப்படிப் பிரிக்காத குழுவுக்குப் பயணச்சீட்டு வாங்கும் வாரத்தில்தான் உண்மை தெரியவரும். பட்டறை நிறைய சாமான் இருக்கும், கணக்கில் பணம் இருக்காது.

காலம் தாழ்த்திக் கேட்பது, தவறான ஆளிடம் கேட்பது

போட்டி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வண்டி ஓடும் நிலைக்கு வந்தபின் சோதனைக்கு 2 மாதம். உடற்கூட்டுக்கும் பொருத்துவதற்கும் 3 மாதம். பொருள்கள் வந்து சேர 2 மாதம். நிறுவனத்துக்குள் கோரிக்கை மேசை மேசையாக ஏறி ஒப்புதல் பெற்று, பணம் வந்து சேர 3 மாதம். மொத்தம் 10 மாதம். ஆகவே முதல் கடிதம் போட்டிக்கு 11 மாதம் முன்பே போக வேண்டும். நிறுவனத்தின் நிதியாண்டு எப்போது தொடங்குகிறது என்பதையும் விசாரியுங்கள். அடுத்த ஆண்டுக்கான ஒதுக்கீட்டை முடிவு செய்யும் வாரங்களில் போய்ச்சேரும் கடிதத்துக்கும், ஒதுக்கீடு தீர்ந்த பின் போகும் கடிதத்துக்கும் கிடைக்கும் பதில் ஒன்றாக இருக்காது.

நிறுவனத்தின் பொது மின்னஞ்சலுக்கு நூறு கடிதம் அனுப்புவது உழைப்பைப் போலத் தோன்றும். பலன் மிகக் குறைவு. பேரிங் தயாரிக்கும் நிறுவனத்தில் பேரிங் பொறியாளரைத் தேடுங்கள். உங்கள் துறையில் படித்து அங்கே வேலைக்குப் போன பழைய மாணவர் ஒருவர் இருந்தால் அவர்தான் கதவு. கடிதம் ஒரு பக்கம்: என்ன கட்டுகிறோம், எந்தப் போட்டி, எந்தத் தேதிக்குள் எந்தப் பொருள் அல்லது எவ்வளவு தொகை, அதற்கு ஈடாக என்ன தருவோம். பட்ஜெட் தாள் தனி இணைப்பாக. பதில் இல்லையென்றால் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள், முடிந்தால் தொலைபேசியில்.

ஒரே ஆதரவாளர் மொத்தத்தையும் தருகிறார் என்றால் மகிழ்ச்சியோடு கொஞ்சம் பயமும் வர வேண்டும். அங்கே ஒரு மேலாளர் மாறினால் உங்கள் வண்டி நின்றுவிடும். ஒருவரிடமிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நம்பியிருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைலேஜை வாக்குறுதியாகக் கொடுப்பது

சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். சூரிக் பல்கலைக்கழகத்தின் பேக்-கார் 2 என்ற வண்டி, 2005-இல் லிட்டருக்கு 5,385 கி.மீ. என்ற அளவை எட்டியது. அது, ஹைட்ரஜனிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுக்கும் எரிபொருள் மின்கலத்தில் ஓடியது. பெட்ரோலுக்கு இணையாக மாற்றிக் கணக்கிட்ட எண் அது. இதை விளக்காமல் முதல் பக்கத்தில் போட்டு, அதன் கீழே சொந்தக் கணினிக் கணிப்பை வைப்பது பெரிய தவறு. பெட்ரோல் வண்டிக்கு லிட்டருக்கு எத்தனை கி.மீ., பேட்டரி வண்டிக்குக் கிலோவாட் மணிக்கு எத்தனை கி.மீ., ஹைட்ரஜனுக்குக் கன மீட்டருக்கு எத்தனை கி.மீ. என்று பிரிவுக்குப் பிரிவு அளவு வேறு. தடமும் வேறு.

மேலே போட்ட 3.2 நியூட்டன் கணக்கையே எடுங்கள். இன்ஜின் 25 சதவீதத் திறனோடு ஓடினால் கிலோமீட்டருக்கு 12.8 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் இருப்பதால் 2,500 கி.மீ. என்று விடை வரும். அதைத் தாளில் எழுதத் துடிக்கும் கையை அடக்குங்கள். செயின், கிளட்ச், வளைவுகளில் டயர் தேய்வது, குளிர்ந்த இன்ஜினை மீண்டும் மீண்டும் இயக்குவது எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. முதல் ஆண்டில் அதில் பாதியை எட்டினாலே நல்ல வண்டி. ஆதரவாளருக்கு வாக்களிக்க வேண்டியவை உங்கள் கையில் இருப்பவை: மாதம் ஒரு பக்க அறிக்கை, சோதனை ஓட்டத்துக்கு அழைப்பு, அவர் தந்த பாகத்தின் அளவீட்டுத் தரவு, லோகோவின் இடமும் அளவும்.

லோகோவுக்கு இடம் விற்பது

விதிநூலில் போட்டி ஏற்பாட்டாளரின் ஸ்டிக்கருக்கும் வண்டி எண்ணுக்கும் ஒதுக்கிய இடங்களைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மட்டும் வரைபடத்தில் கட்டம் போட்டு விலை பேசுங்கள். எந்த வகை நிறுவனத்தின் விளம்பரத்துக்குத் தடை இருக்கிறது என்பதையும் முன்பே பாருங்கள். மூக்குப் பகுதியை யாருக்கும் தராதீர்கள். அங்கே காற்று சீராக ஒட்டி ஓடுகிறது. ஸ்டிக்கரின் விளிம்பு தரும் சிறு படிகூட அதைக் கலைத்துவிடக்கூடும். உடல் மிக அகலமாக இருக்கும் இடத்துக்குப் பின்னால் ஒட்டுவது பாதுகாப்பு. லோகோவை, எவ்வளவு பெரிதாக்கினாலும் கெடாத வெக்டர் கோப்பாகக் கேட்டு வாங்குங்கள்; இணையத்திலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்கினால் விளிம்பு கரடுமுரடாகும், தந்தவருக்கு மனவருத்தம்.

பணம் வரும் வழி

குழுவினர் ஒருவரின் சொந்தக் கணக்கில் பணம் வாங்கவே கூடாது. பல்கலைக்கழகக் கணக்கு வழியாக வந்தால் ரசீது கிடைக்கும், வரி விவரமும் தெளிவாக இருக்கும். ஆனால் மூன்றை முதல் வாரத்திலேயே எழுத்தில் கேளுங்கள்: நிர்வாகப் பங்காக எவ்வளவு பிடிப்பார்கள், கொள்முதலுக்கு எத்தனை நாள் ஆகும், நிதியாண்டு முடிந்தால் மிச்சப் பணம் அடுத்த ஆண்டுக்குப் போகுமா. மூன்றாவது கேள்வியைக் கேட்க மறந்த குழு, டயருக்கு வைத்திருந்த பணத்தைக் கண்ணெதிரே இழக்கும்.

இணையத்தில் பொதுமக்களிடம் திரட்டுவது தனி வேலை. தளக் கட்டணமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் போக எவ்வளவு மிஞ்சும், இலக்கை எட்டாவிட்டால் பணம் திரும்பிப் போகுமா என்று பாருங்கள். டி-ஷர்ட், குவளை போன்ற பரிசுகளைத் தவிருங்கள். அச்சிட்டு, பொட்டலம் கட்டி, அஞ்சலில் அனுப்பும் வேலை, உடற்கூடு வார்க்கும் அதே வாரங்களில் வந்து நிற்கும். கொடுத்தவர் பெயரை வண்டியின் உட்புறத்தில் எழுதிப் படம் அனுப்புவது செலவில்லாதது, பெறுகிறவருக்கும் பிடிக்கும்.

வாங்கியபின் மௌனமாகிவிடுவது

கெட்ட செய்தியை மறைப்பதால்தான் அடுத்த ஆண்டுப் பணம் போகிறது. கிளட்ச் உடைந்தால் அந்த மாத அறிக்கையிலேயே எழுதுங்கள்: எந்த இடத்தில் உடைந்தது, ஏன், இப்போது என்ன மாற்றுகிறோம். போட்டி முடிந்து இரண்டு வாரத்துக்குள் இறுதி அறிக்கை போக வேண்டும். பரிசோதனையிலேயே நின்றுபோனாலும் போக வேண்டும்.

குழுவினர் படிப்பு முடிந்து போய்விடுவார்கள், ஆதரவாளர் அங்கேயேதான் இருப்பார். யாரிடம் எப்போது பேசினோம், எதை வாக்களித்தோம், எதை நிறைவேற்றினோம், எந்தக் கருவி யாருடைய சொத்து என்ற விவரங்களைக் குழுவின் பொதுக் கோப்பில் எழுதி வையுங்கள், ஒருவருடைய சொந்த மின்னஞ்சலில் அல்ல. பழைய நிதிப் பொறுப்பாளர் கல்லூரியை விட்டுப் போவதற்கு முன், புதியவரை ஒவ்வொரு ஆதரவாளரிடமும் நேரில் அல்லது தொலைபேசியில் அறிமுகம் செய்துவைக்க வேண்டும். அந்த வாரத்திலேயே அடுத்த ஆண்டுக்கான பட்ஜெட் வரைவையும் புதியவர் கையில் கொடுத்துவிடுங்கள்.