பாராமீட்டர் குரூப்பை ஒழுங்காகப் பராமரிப்பது எப்படி: சிங்கப்பூரிலிருந்து மலேசிய ரீஜனுக்கு மாறுகிறவர்களுக்கு

அமேசானின் கிளவுட் சேவையான ஏடபிள்யூஎஸ் 2024 ஆகஸ்டில் மலேசியாவில் தனி ரீஜன், அதாவது தன் டேட்டா சென்டர்கள் இருக்கும் பகுதி, திறந்தது. அதுவரை ஏடபிள்யூஎஸ்ஸின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸில், சிங்கப்பூரில் டேட்டாபேஸ் வைத்திருந்த கோலாலம்பூர் கம்பெனிகளுக்கு, வீட்டுப் பக்கத்திலேயே இடம் வந்தாச்சு, மாறிவிடலாமா என்ற கேள்வி வருவது இயல்பு. மாறுவது பெரிய கஷ்டமில்லை. ஸ்னாப்ஷாட் (டேட்டாபேஸின் அந்த நேரத்து முழு நகல்) எடுத்து, அதை மலேசிய ரீஜனுக்கு காப்பி செய்து, ரெஸ்டோர் செய்தால் டேட்டா முழுசாக வந்துவிடும். ஆனால் பல வருஷமாக ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிச் சரிசெய்து வைத்த செட்டிங்ஸ் கூடவே வராது. அந்த செட்டிங்ஸை மொத்தமாக வைத்திருக்கும் பாராமீட்டர் குரூப் என்பது அந்தந்த ரீஜனுக்குள்ளேயே இருக்கும் பொருள், வேறு ரீஜனுக்கோ வேறு அக்கவுண்டுக்கோ அதை காப்பி செய்ய முடியாது. ரெஸ்டோர் செய்யும்போது நீங்கள் குரூப்பைக் குறிப்பிடாவிட்டால் டீஃபால்ட் குரூப் ஒட்டிக்கொள்ளும், டேட்டாபேஸும் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும், அதனாலேயே யாருக்கும் உடனே தெரியாது.

அதனால் மாற்றத்துக்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள். முதலில் பழைய ரீஜனில் என்னென்ன மாற்றப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். கன்சோலில் நூற்றுக்கணக்கான வரிகளைக் கண்ணால் தேட வேண்டாம். கமாண்ட் லைனில் டிஸ்கிரைப் டிபி பாராமீட்டர்ஸ் கமாண்டுக்கு சோர்ஸ் என்ற இடத்தில் யூசர் என்று கொடுத்தால், மனிதக் கை பட்டவை மட்டும் வரும். அதை ஒரு ஃபைலில் சேமித்துவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் எதற்காக இதை மாற்றினோம் என்று டீமில் கேளுங்கள். பதில் கிடைக்காத வரியைப் புதிய குரூப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். ரீஜன் மாறும் நேரம்தான் பழைய குப்பையைக் கழிக்க நல்ல நேரம்.

அடுத்து, புது குரூப் உருவாக்குவது. டீஃபால்ட் குரூப்பில் கை வைக்க ஏடபிள்யூஎஸ் விடாது, அதில் எந்த மதிப்பையும் மாற்ற முடியாது. அதனால் இப்போதைக்கு மாற்ற ஒன்றுமே இல்லாவிட்டாலும் முதல் நாளிலிருந்தே உங்களுடைய சொந்த குரூப்பை மாட்டிவிடுங்கள் என்பேன். ஏனென்றால் ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸுக்குப் பின்னாளில் குரூப்பை மாற்றினால் ரீபூட் செய்யும்வரை புதிய குரூப்பின் செட்டிங்ஸ் அமலுக்கு வராது. குரூப் உருவாக்கும்போது ஃபேமிலி கேட்கும், அது மைஎஸ்க்யூஎல் 8.0, போஸ்ட்கிரஸ் 16 என்று எஞ்சினும் மேஜர் வெர்ஷனும் சேர்ந்தது. பெயரைப் பிறகு மாற்ற முடியாது, ஆகவே எஞ்சின், வெர்ஷன், சூழல், வேலை நான்கும் பெயரிலேயே தெரியட்டும். உருவாக்கியதும் அவசரப்பட்டு உடனே அதை வைத்து டேட்டாபேஸ் கிளப்பாதீர்கள், குறைந்தது 5 நிமிஷம் விடச் சொல்கிறது ஏடபிள்யூஎஸ்.

இனி முக்கியமான கேள்வி: ஒரு குரூப்பை எத்தனை டேட்டாபேஸ் பகிர்ந்துகொள்ளலாம்? எத்தனை வேண்டுமானாலும் மாட்டலாம். ஒரு தடவை எழுதினால் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்வதுதான் இதன் அருமை, ஆபத்தும் அதே இடத்தில்தான். இங்கே ஒரு சுவிட்சைத் தட்டினால் ஐந்து வீட்டில் விளக்கு மாறும். டெஸ்ட் டேட்டாபேஸில் ஒன்றைச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒருவர் மாற்றியது, அதே குரூப் மாட்டியிருக்கும் புரொடக்ஷனில், அதாவது நிஜ வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் டேட்டாபேஸில், அந்த நொடியே அமலாகிவிடலாம், தீபாவளி விற்பனை நடந்துகொண்டிருந்தாலும் அது காத்திருக்காது. நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: இந்த இரண்டு டேட்டாபேஸும் ஒரே மாற்றத்தை ஒரே நிமிஷத்தில் வாங்கிக்கொண்டால் பரவாயில்லையா? ஆமாம் என்றால் ஒரே குரூப், தயக்கம் இருந்தால் தனித்தனி. புரொடக்ஷனும் டெஸ்டும் எந்தக் காலத்திலும் ஒன்றாக இருக்கக் கூடாது. ரிப்போர்ட்டுக்காக மட்டும் ஓடும் ரீட் ரெப்ளிக்காவுக்கும் (படிப்பதற்கு மட்டுமான நகல் டேட்டாபேஸ்) பெரும்பாலும் தனி குரூப் தேவைப்படும், அங்கே வரும் கொயரிகளின் குணமே வேறு. அதற்காக டேட்டாபேஸுக்கு ஒன்றாகவும் உருவாக்கிக் குவிக்காதீர்கள். ஒரு ரீஜனுக்கு 50 குரூப் என்பது வழக்கமான வரம்பு, கேட்டால் கூட்டித் தருவார்கள், ஆனால் அத்தனையையும் ஒரே மாதிரி வைத்திருக்கப் போவது நீங்கள்தான்.

பகிரும் குரூப்பில் நேரடி எண்ணைப் போடுவதற்கு முன் யோசியுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை கனெக்ஷன் வரலாம் என்று சொல்லும் மேக்ஸ் கனெக்ஷன்ஸில் 500 என்று எழுதிவிட்டால் 32 ஜிபி மெஷினுக்கும் 500, 1 ஜிபி மெஷினுக்கும் 500, சின்னது மெமரி இல்லாமல் திணறும். ஆர்டிஎஸ்ஸில் ஃபார்முலா எழுத இடம் இருக்கிறது. மைஎஸ்க்யூஎல்லின் டீஃபால்ட்டே மெஷினின் மெமரியை 12582880 ஆல் வகுப்பதுதான், அதன்படி 1 ஜிபிக்கு ஏறக்குறைய 85 கனெக்ஷன் வரும். சிஸ்டம் எடுத்துக்கொள்ளும் மெமரி போக, நிஜத்தில் இன்னும் கொஞ்சம் குறையும். மெஷின் அளவு மாறினாலும் கணக்கு தானாக மாறிக்கொள்ளும், அதைக் கெடுக்காதீர்கள்.

ரீபூட் விஷயத்தில்தான் அதிகக் குழப்பம். பாராமீட்டரில் டைனமிக், ஸ்டாட்டிக் என்று இரண்டு வகை. டைனமிக் உடனே அமலாகும். ஸ்டாட்டிக் ரீபூட் செய்யும்வரை பெண்டிங் ரீபூட் என்று காட்டிக்கொண்டே இருக்கும், போஸ்ட்கிரஸில் கொயரிகளின் புள்ளிவிவரம் சேர்க்கும் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மெண்ட்ஸை ஏற்றும் ஷேர்ட் பிரீலோட் லைப்ரரிஸ் அப்படிப்பட்டது. ஏடபிள்யூஎஸ் பராமரிப்பு வேலை செய்ய வாரம்தோறும் ஒதுக்கும் மெயின்டனன்ஸ் விண்டோ வந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பெண்டிங் ரீபூட் என்பதற்காக மட்டும் அந்த விண்டோவில் ரீபூட் நடக்காது, நீங்களே செய்ய வேண்டும். விண்டோ நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம், மலேசியாவுக்கு 8 மணி பின்னால்) இருப்பதையும் கவனியுங்கள்: நமக்கு ஞாயிறு விடிகாலை 3 மணி என்றால் அங்கே சனிக்கிழமை 19:00 என்று எழுத வேண்டும், மணி மட்டுமல்ல, கிழமையும் மாறுகிறது.

உடனே அமலாகும் என்று சொன்ன டைனமிக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. மைஎஸ்க்யூஎல்லில் லாங் கொயரி டைம் போன்றவை புதிதாக வரும் கனெக்ஷனுக்குத்தான் புது மதிப்பைத் தரும். உங்கள் அப்ளிகேஷன் கனெக்ஷன் பூல் (திறந்த கனெக்ஷன்களை மூடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு) வைத்திருந்தால் பழைய கனெக்ஷன்கள் பழைய மதிப்போடேயே ஓடும். மாற்றினோமே, ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவதற்கு முன் பூலை ஒரு தடவை புதுப்பித்துப் பாருங்கள்.

எதையெல்லாம் குரூப்பில் வைப்பது? குறைவாக வையுங்கள். மைஎஸ்க்யூஎல் என்றால் மெதுவான கொயரிகளைப் பதிவு செய்யும் ஸ்லோ கொயரி லாகைத் திறந்து, எத்தனை விநாடிக்கு மேல் ஓடினால் மெதுவானது என்று சொல்லும் லாங் கொயரி டைமை டீஃபால்ட்டான 10 விநாடியிலிருந்து 1 அல்லது 2 விநாடிக்கு இறக்குவேன், என்கிரிப்ஷன் இல்லாத கனெக்ஷனைத் தடுக்க ரிக்வயர் செக்யூர் டிரான்ஸ்போர்ட்டைப் போடுவேன். எழுத்துகளைச் சேமிக்கும் முறையான கேரக்டர் செட் யூடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கிறதா என்று பார்ப்பேன். மைஎஸ்க்யூஎல் 5.7 வரை லேட்டின்1 தான் டீஃபால்ட், அதில் தமிழ்ப் பெயரைச் சேமித்தால் கேள்விக்குறியாக வந்து நிற்கும். இந்த செட்டிங் புதிதாக உருவாக்குவதற்கு மட்டும்தான், ஏற்கெனவே இருக்கும் டேபிள்களை அது மாற்றாது, அவற்றைத் தனியாக மாற்ற வேண்டும்.

டைம் சோனை யுடிசியிலேயே விட்டுவிடுங்கள், நேரத்தை அப்ளிகேஷனில் மாற்றிக்கொள்ளலாம். நம் ஊரில் இதற்குத் தனிக் காரணம் ஒன்று இருக்கிறது. தீபகற்ப மலேசியாவின் நேரம் 1981 முடியும்வரை யுடிசி+7:30, 1982 ஜனவரி 1-லிருந்துதான் +8. 1975-இல் பிறந்த ஒருவரின் பிறந்த தேதியை நள்ளிரவு நேரத்தோடு, எப்போதும் +8 என்று கணக்கிட்டுச் சேமித்து, பிறகு கோலாலம்பூர் டைம் சோன் பெயரை வைத்துத் திரும்ப எடுத்தால் முந்தைய நாள் இரவு 11:30 என்று வரும், அடையாள அட்டையான மைகார்டில் இருக்கும் தேதியோடு ஒரு நாள் இடிக்கும். பிறந்த தேதிக்கு நேரமே வேண்டாம், வெறும் டேட் வகை போதும்.

குரூப்பைக் கன்சோலில் கையால் மாற்றும் பழக்கத்தையும் விட்டுவிடுவது நல்லது. கிளவுட் அமைப்புகளை ஃபைலாக எழுத உதவும் டெராஃபார்மில் எழுதி, மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கும் கிட்டில் வைத்தால், யார் எப்போது எதற்காக மாற்றினார்கள் என்பது நிற்கும், அதே ஃபைலை மலேசிய ரீஜனிலும் ஓட்டலாம். ஸ்டாட்டிக் பாராமீட்டருக்கு அப்ளை மெத்தடை பெண்டிங் ரீபூட் என்று எழுத மறக்காதீர்கள், இல்லாவிட்டால் எரர் அடிக்கும். டேட்டாபேஸ் மாட்டியிருக்கும் குரூப்பை அழிக்க முடியாது என்பதால் புதியதை உருவாக்கிவிட்டுப் பழையதை அழிக்கச் சொல்லும் கிரியேட் பிஃபோர் டெஸ்ட்ராய், பெயர்கள் மோதாமல் இருக்க நேம் பிரிஃபிக்ஸ், இரண்டையும் சேர்த்துவிடுங்கள்.

மேஜர் வெர்ஷன் ஏற்றும்போது ஃபேமிலியும் மாறுவதால் பழைய குரூப் உதவாது, புதிதாக எழுத வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு காப்பி செய்தால் இல்லாமல் போன பாராமீட்டரில் முட்டுவீர்கள், உதாரணமாக டீஃபால்ட் ஆத்தென்டிகேஷன் பிளகின் மைஎஸ்க்யூஎல் 8.4-இல் நீக்கப்பட்டுவிட்டது. பழைய ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை அதோடு சேர்ந்த குரூப்பையும் வைத்திருங்கள், என்றைக்காவது ரெஸ்டோர் செய்தால் மாட்ட வேண்டியிருக்கும்.

அஷூரிலும் கூகுள் கிளவுட் எஸ்க்யூஎல்லிலும் இருப்பவர்களுக்கு இப்படிப் பகிரும் குரூப் கிடையாது. அஷூரில் சர்வர் பாராமீட்டர், கூகுளில் ஃபிளாக், இரண்டுமே ஒவ்வொரு சர்வருக்கும் தனித்தனி. அங்கே ஒரே செட்டிங்ஸைப் பல சர்வருக்குப் போடும் டெராஃபார்ம் மாட்யூல்தான் உங்கள் குரூப்.

ரெஸ்டோர் முடிந்ததும், டிராஃபிக்கைத் திருப்புவதற்கு முன் ஒரு சோதனை பாக்கி. கன்சோலில் இரண்டு குரூப்பை ஒப்பிடும் வசதி உண்டு, ஆனால் ஒரே ரீஜனில் இருப்பவற்றைத்தான் ஒப்பிடும். ஆகவே சிங்கப்பூரிலும் இங்கேயும் டேட்டாபேஸுக்குள் போய், மைஎஸ்க்யூஎல் என்றால் ஷோ குளோபல் வேரியபிள்ஸ், போஸ்ட்கிரஸ் என்றால் பிஜி செட்டிங்ஸ், இரண்டு ரீஜனின் விடையையும் ஃபைலாக எடுத்து, வித்தியாசத்தைக் காட்டும் டிஃப் போடுங்கள். சர்வர் பெயர், ஐடி மாதிரியானவை வேறாக இருப்பது சரி. அவற்றைத் தவிர்த்து வித்தியாசமாக நிற்கும் ஒவ்வொரு வரிக்கும், நீங்கள் வேண்டுமென்றே விட்டதா, விட்டுப்போனதா என்று பதில் கிடைத்த பிறகு, டிராஃபிக் புது டேட்டாபேஸுக்குப் போகும்படி டிஎன்எஸ்ஸை மாற்றுங்கள்.