கவுன்டி கட்சிக் குழு வாக்குச்சீட்டு முன்மொழிவுகளில் நிலைப்பாடு எடுக்கும் முறை

சட்ட முன்மொழிவுகள் மீது நேரடியாக வாக்களிக்கும் உரிமையைக் கலிபோர்னியா வாக்காளர்கள் 1911-இல் பெற்றனர். வாக்குச்சீட்டில் முன்மொழிவுகளுக்கு எதிரே கட்சிப் பெயர் அச்சிடப்படுவதில்லை என்பதால், தம் கட்சி என்ன சொல்கிறது என்று தேடுபவருக்கு, குறிப்பாக உள்ளூர் முன்மொழிவுகளில், கட்சியின் கவுன்டி (மாநிலத்தின் உள்ளாட்சிப் பிரிவு) மத்தியக் குழுவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அக்குழுவில் புதிதாக இடம்பெற்றவர்களுக்கான வழிகாட்டி இது.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். உள்ளூர் முன்மொழிவுகள் பொதுவாகத் தேர்தலுக்கு 88 நாட்களுக்கு முன்பே உறுதியாகின்றன. 29 நாட்கள் இருக்கும்போது தபால் வாக்குச்சீட்டுகள் வீடுகளுக்குப் புறப்பட்டுவிடுகின்றன. இடைப்பட்ட 59 நாட்களில், மாதம் ஒரு முறை கூடும் குழுவுக்கு இரண்டு கூட்டங்களே கிடைக்கும்.

அடுத்து, முன்மொழிவின் முழு வாசகத்தையும் படியுங்கள். மாநில முன்மொழிவுகளுக்குத் தலைப்பும் சுருக்கமும் எழுதுபவர் தேர்தலில் வென்று பதவிக்கு வரும் அரசுத் தலைமை வழக்கறிஞர் என்பதால், அந்தச் சொற்களை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. சட்டமன்றப் பகுப்பாய்வாளர் அலுவலகம் தரும் நிதி மதிப்பீட்டையும் உடன் வைத்துப் படிப்பது நல்லது. நிறைவேறுவதற்கு எத்தனை விழுக்காடு வாக்கு தேவை என்பதும் முக்கியம்: 2000-ஆம் ஆண்டின் 39-ஆம் முன்மொழிவின்படி கொண்டுவரப்படும் பள்ளிக் கடன் பத்திரங்களுக்கு 55 விழுக்காடு போதும், நகராட்சியின் பொதுக் கடன் பத்திரங்களுக்கோ மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், எல்லை இவ்வளவு உயரும்போது கட்சியின் மௌனமே ஒரு முன்மொழிவைத் தோற்கடிக்கக்கூடும்.

பிறகு துணைக்குழு இரு தரப்பையும் அழைத்துச் சம நேரம் கொடுத்துக் கேட்க வேண்டும். பிரசாரத்துக்குப் பணம் தருவது யார் என்ற கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். அந்தப் பிரசாரத்தில் ஊதியம் பெறும் உறுப்பினர் எவரேனும் இருந்தால், விவாதம் தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிடுவது முறை. பின்னர் தெரியவந்தால் முடிவின் மீதே சந்தேகம் விழும்.

சச்சரவு அதிகம் எழுவது வாக்குக் கணக்கில்தான். எல்லை எவ்வளவு என்பதைக் குழுவின் அமைப்பு விதிகளே சொல்லும். சில குழுக்களுக்கு எளிய பெரும்பான்மை போதும், சிலவற்றுக்கு 60 விழுக்காடு வேண்டும். 60 விழுக்காடு தேவைப்படும் ஒரு குழுவின் கூட்டத்துக்கு 40 பேர் வந்து, அவர்களில் 22 பேர் ஆதரித்து, 8 பேர் எதிர்த்து, 10 பேர் வாக்களிக்காமல் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாக்களித்தவர்களை மட்டும் கணக்கிட்டால் ஆதரவு 73 விழுக்காடு, தீர்மானம் வெற்றி. வந்திருந்தவர்கள் அனைவரையும் கணக்கிட்டால் 55 விழுக்காடு, தோல்வி. எந்தக் கணக்கு பொருந்தும் என்பதை வாக்கெடுப்புக்கு முன்பே தலைவரிடம் கேட்டுக் குறிப்பேட்டில் பதியச் செய்யுங்கள், ஏனெனில் முடிவு தெரிந்த பிறகு இந்தக் கேள்வியை நடுநிலையாகக் கேட்க யாராலும் முடியாது.

ஆதரவுத் தீர்மானம் தோற்றால் அது எதிர்ப்பாகிவிடாது. எதிர்ப்புக்குத் தனித் தீர்மானம் வேண்டும்; யோசித்து எடுக்கும் நடுநிலையும் அப்படியே. இவற்றில் எதுவுமே நிறைவேறாதபோது, வாக்காளர்களுக்கு அனுப்பும் பரிந்துரை அட்டையில் ‘நிலைப்பாடு இல்லை’ என்று மட்டுமே அச்சிட வேண்டும்.