கார்ட்னெரி கில்லி: வீட்டுல வளர்த்து முட்டை எடுத்து குஞ்சு பொரிக்க வைக்கிறது எப்படி

கில்லிங்குற (killifish) சின்ன வண்ண மீனை வளர்க்கணும்னு ஆசைப்படுற பல பேர் நேரா நோத்தோபிராங்கியஸ்ங்குற கில்லி வகையோட ஃபோட்டோவைப் பாத்துட்டு அதுலயே ஆரம்பிக்கணும்னு நிக்கிறாங்க. தயவுசெஞ்சு முதல்ல கார்ட்னெரிங்குற கில்லி வகையை வாங்குங்க. நைஜீரியாவுலயும் மேற்கு கேமரூன்லயும் ஓடை, சதுப்புன்னு இருக்குற மீன், ஆண் ரெண்டரை இஞ்ச் வரும், நீலமும் பச்சையுமா மினுங்குற உடம்புல சிவப்புப் புள்ளி, வால் ஓரத்துல மஞ்சளோ வெள்ளையோ ஒரு கரை. நோத்தோபிராங்கியஸ் வத்திப்போற குட்டையில வாழற மீன், அதோட முட்டையை ஈரமான பீட்ல (மக்கின பாசி மண்) மாசக்கணக்கா வெச்சிருந்து அப்புறம்தான் தண்ணி ஊத்தணும், மீனுக்கும் பெரும்பாலும் ஒரு வருஷத்துக்குள்ள ஆயுசு முடிஞ்சிரும். கார்ட்னெரி நல்லா பாத்துக்கிட்டா ரெண்டு வருஷத்துக்கு மேலயே இருக்கும், முட்டையும் தண்ணியிலயே ரெண்டு மூணு வாரத்துல பொரிஞ்சிரும், உள்ள குஞ்சு உருவாகுறதை நாள்தோறும் கண்ணால பாக்கலாம்.

தொட்டி பெருசா வேண்டாம். ஒரு ஆண், ரெண்டு பெண்ணுக்கு 25, 30 லிட்டர் போதும். ஒரே ஒரு பெண்ணை மட்டும் விட்டா ஆண் விடாம துரத்தித் துரத்தி வால் துடுப்பெல்லாம் கிழிச்சுரும், அதான் ரெண்டு பெண், கூடவே கை நிறைய ஜாவா மாஸ்ங்குற பாசிச் செடி, ஒளிஞ்சுக்க இடம் வேணும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், காத்தைக் கம்மியா வைங்க, இது வேகமான தண்ணியில நிக்கிற மீன் கிடையாது. pH 6லேர்ந்து 7.5 வரைக்கும் தாங்கும், குளோரின் போன குழாய்த் தண்ணியே பல ஊர்ல சரிப்படும், போர் தண்ணி ரொம்ப உப்பா இருந்தா மட்டும் ஆர்.ஓ. தண்ணி கலந்துக்கோங்க.

மூடி விஷயத்துல அலட்சியமே வேண்டாம். கில்லி குதிக்கும், ஏர் ட்யூப் போறதுக்கு விட்ட ஓட்டை வழியாவே வெளிய வந்துரும், அதனால அந்த ஓட்டையைக்கூட ஸ்பாஞ்ச் துண்டு வெச்சு அடைச்சிருங்க.

நம்ம ஊர்ல பெரிய பிரச்சனை வெயில்தான். இதுக்கு 22லேர்ந்து 26 டிகிரி சுகம், சென்னை மே மாசத்துல தொட்டி தானா 31, 32க்குப் போயிரும், அப்போ மீன் உயிரோட இருந்தாலும் முட்டை குறைஞ்சிரும், ஆயுசும் குறையும். ஹீட்டர் தேவையே இல்ல. தரையோட ஒட்டி, வீட்டுல இருக்குறதுலயே குளுமையான ரூம்ல வைங்க, கோடையில மூடிக்குப் பதிலா கொசுவலையை இறுக்கிக் கட்டி மேல ஒரு சின்ன ஃபேன் ஓட விட்டா ரெண்டு மூணு டிகிரி இறங்கும், தண்ணி சீக்கிரம் குறையும், தினம் கொஞ்சம் ஊத்திக்கிட்டே இருக்கணும். முட்டை எடுக்குற வேலையை மழைக்காலத்துக்கும் மார்கழி தைக்கும் வெச்சுக்குறதுதான் புத்திசாலித்தனம்.

சாப்பாடு உயிரோட இருந்தா முட்டை கொட்டும். கொசுப்புழு, இறால் இனத்துப் பொடி உயிருங்களான மொய்னா, ஆர்ட்டீமியா, இல்லன்னா ஃப்ரோஸன் ப்ளட்வார்ம் (உறைய வெச்ச சிவப்புப் புழு). பெல்லட் பழகும், ஆனா பெல்லட்லயே வெச்சிருந்தா பெண் மீன் வயிறு ரொம்பாது.

இப்ப மாப், அதாவது மீன் முட்டை போடுறதுக்குத் தொட்டியில தொங்கவிடுற நூல் கொத்து. ஸ்வெட்டர் பின்ற அக்ரிலிக் நூல் வாங்குங்க, பருத்தி நூலும் நிஜக் கம்பளி நூலும் தண்ணியில அழுகிரும். கரும்பச்சையா இருந்தா முட்டை பளிச்னு தெரியும். ஒரு நோட்டுப் புத்தகத்தைச் சுத்தி நாப்பது அம்பது சுத்து சுத்தி, ஒரு பக்கம் கட்டி, மறுபக்கம் வெட்டி, சாயம் இறங்குறது நிக்கிற வரைக்கும் கொதிக்க வெச்சு, ஒரு தெர்மாக்கோல் துண்டுல கட்டித் தொங்கவிடுங்க.

ரெண்டு நாளைக்கு ஒருக்கா மாப்பை எடுத்து லேசா அழுத்தி தண்ணியை வடிச்சிட்டு வெளிச்சத்துல ஒவ்வொரு இழையா பிரிச்சுப் பாருங்க. கடுகு சைஸ்ல கண்ணாடி மாதிரி லேசான மஞ்சள்ல ஒட்டிக்கிட்டு இருக்கும். விரலாலயே எடுக்கலாம், நல்ல முட்டை அழுத்தமா இருக்கும், பயப்படாதீங்க. நசுங்குறது கருவில்லாத முட்டை.

ஒரு தட்டையான டப்பாவுல ரெண்டு இஞ்ச் தண்ணி, தண்ணி வெளிர்நீலமாகுற அளவுக்கு மெத்திலீன் ப்ளூ (பூஞ்சையைத் தடுக்குற நீல மருந்து), அதுல முட்டையைப் போட்டு வெயில் படாத அலமாரியில வைங்க. தினமும் பாருங்க, இதுதான் முக்கியமான வேலை. வெள்ளையான முட்டையை அன்னைக்கே எடுத்துரணும், விட்டா பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் போயிரும். பத்து நாள் வாக்குல லென்ஸ் வெச்சுப் பாத்தா உள்ள சுருண்டு கிடக்குற குஞ்சும், தங்க வளையம் போட்ட ரெண்டு கண்ணும் தெரியும், அப்பப்ப உள்ளயே புரளும். அந்தக் காட்சிக்காகவே கில்லி வளர்க்கலாம், நான் மனசாரச் சொல்றேன்.

மூணு வாரம் தாண்டியும் கண் தெளிவா தெரிஞ்சு பொரியாம கிடந்தா, முட்டையை ஒரு குட்டி பாட்டில்ல தண்ணியோட போட்டு மூடி, சட்டைப் பையில வெச்சுக்கிட்டு ஒரு மணி நேரம் நடங்க. ஆக்ஸிஜன் குறைஞ்சு, ஆட்டமும் சேர்ந்து பல முட்டை உடைஞ்சு வெளிய வந்துரும்.

கார்ட்னெரி குஞ்சு பெருசு, அப்பவே பொரிச்ச ஆர்ட்டீமியாவை முதல் நாள்லயே தின்னும். வயிறு ஆரஞ்சா தெரிஞ்சா தின்னிருக்குன்னு அர்த்தம். காலை மாலை ரெண்டு வேளை, மிச்சத்தை அன்னைக்கே உறிஞ்சி எடுத்துருங்க, அப்படியே கிடந்தா தண்ணி கெட்டு வெல்வெட் நோய் வரும், உடம்புல தங்கத்தூள் தூவின மாதிரி ஒரு படலம், குஞ்சுகள் ராத்திரியோட ராத்திரியா போயிரும். நான் ஆரம்பத்துலேர்ந்தே நாலு லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல்லுப்பு போட்டு வெச்சிருவேன். ரெண்டு வாரத்துல சைஸ் வாரியா பிரிச்சுருங்க, பெருசு சின்னதைத் தின்னுரும். ரெண்டு மாச வாக்குல ஆணுக்கு நிறம் ஏற ஆரம்பிக்கும்.

கடைசியா ஒண்ணு, இதைக் கெஞ்சியே கேட்டுக்குறேன். வாங்குறப்பவே எந்த இடத்து மீன்னு கேட்டு எழுதி வைங்க. அகுரே, மக்குர்டி, ந்சுக்கா எல்லாம் நைஜீரியா ஊர், மிசாஜே கேமரூன், ஒவ்வொரு ஊர் மீனுக்கும் நிறம் வேற. பெண் மீனுங்க எல்லாம் பழுப்பா கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும், ஒரு தடவை கலந்துட்டா திரும்பப் பிரிக்க வழியே கிடையாது. அதனால ஒரு தொட்டிக்கு ஒரு ஊர் மீன்தான், தொட்டி மேல, முட்டை டப்பா மேல, அடுத்தவங்களுக்குக் குடுக்குற கவர் மேல எல்லாத்துலயும் ஊர் பேரை மார்க்கர்ல எழுதுங்க. பேர் தெரியாத மீன் கைக்கு வந்தா அழகுக்கு வளருங்க, பேர் தெரிஞ்சதோட சேர்க்காதீங்க.